திரும்பவும் என்எச்எல் கதவடைத்தால் ரசிகர் காசு என்ன ஆகும்? சீசன் டிக்கெட், புறக்கணிப்பு, 2030

மார்க்கம்_நீலவெள்ளை கேட்டது:

வணக்கம். என்எச்எல், அதாவது வட அமெரிக்க ஐஸ் ஹொக்கி லீக்கை விடாமல் பார்க்கிற ஆட்கள் இங்கே கொஞ்சப் பேர் இருக்கிறீர்கள் என்று தெரியும், அதுதான் கேட்கிறேன்.

வேலைத்தலத்தில் நாலு பேர் சேர்ந்து டொரான்டோ அணியான லீஃப்ஸின் சீசன் ரிக்கெற்றில் பங்கு எடுக்கலாம் என்று கதைத்துக்கொண்டிருக்கிறோம். அதில் வயதில் மூத்தவர் ஒருவர் தயங்குகிறார். 2004, 2012 மாதிரி இன்னொரு லொக்-அவுட் (முதலாளிமார் ஆட்டத்தை நிறுத்திக் கதவடைப்பது) வந்தால் காசு மாட்டிக்கொள்ளும் என்கிறார். அவர் சொன்னதைக் கேட்டுவிட்டுத்தான் பழைய கதைகளைத் தேடி வாசித்தேன். வாசிக்க வாசிக்கக் கோபம்தான் வருகிறது. முதலாளிமாரும் வீரர்களும் பில்லியன் கணக்கில் பங்கு பிரிக்கச் சண்டை பிடிக்கிறார்கள். அந்தப் பில்லியன் முழுக்க ரிக்கெற், ரீவி, சட்டை, பார்க்கிங் என்று எங்கள் பொக்கெற்றில் இருந்து போனது. பேச்சு நடக்கிற மேசையில் எங்களுக்கு ஒரு கதிரை கிடையாது.

எனக்கு விளங்காதவை: பேசிக்கொண்டே விளையாடலாம்தானே, ஏன் ஒவ்வொரு முறையும் சீசன் தொடங்கமுதலே பூட்டுகிறார்கள்? அப்போது கட்டிய காசு எப்படித் திரும்பி வந்தது? ரசிகர் புறக்கணிப்பு எதையாவது மாற்றியதா? இனி எப்போது பயப்பட வேண்டும்? தெரிந்த அண்ணாமார், அக்காமார் விபரமாகச் சொல்லுங்கோ.

---

புளூலைன்:

உங்கள் முதல் கேள்விக்குப் பதில் சம்பள நாட்காட்டியில் இருக்கிறது. அதைப் புரிந்துகொண்டால் மற்றது எல்லாம் தெளிவாகும்.

என்எச்எல் வீரருக்குச் சம்பளம் வழக்கமான சீசன் நாட்களில் மட்டும்தான் வருகிறது, அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை, மாதம் இரண்டு தவணையாக. அதற்குப் பின் கோப்பைக்காக நடக்கும் பிளேஆஃப் ஆட்டங்களுக்குத் தனிச் சம்பளம் இல்லை. ஒரு பொது நிதியிலிருந்து ஊக்கத்தொகை மட்டும் கிடைக்கும். முதலாளிக்கு இது தலைகீழ். பிளேஆஃபில் டிக்கெட் விலை ஏறும், சம்பளச் செலவு கிட்டத்தட்ட முடிந்திருக்கும். ஆகவே வீரர் சங்கம் வேலைநிறுத்தம் செய்வதென்றால் அதற்குச் சரியான நேரம் ஏப்ரல். 1992-ல் அதைத்தான் செய்தார்கள். ஏப்ரல் 1 அன்று தொடங்கிய வேலைநிறுத்தம் 10 நாளில் முடிந்தது. தள்ளிவைத்த ஆட்டங்களை நடத்தி முடித்தார்கள், ரசிகருக்குப் பெரிய இழப்பு இல்லை.

முதலாளிகள் அதிலிருந்து பாடம் படித்துக்கொண்டார்கள். ஒப்பந்தம் இல்லாமல் சீசனைத் தொடங்கினால் ஏப்ரலில் கழுத்து வீரர்கள் கையில். அதனால் செப்டம்பரிலேயே நாமே கதவை அடைத்துவிடுவோம் என்ற முடிவுக்கு வந்தார்கள். 1994, 2004, 2012 மூன்றுமே கதவடைப்புகள், வேலைநிறுத்தம் இல்லை. மூன்றும் கேரி பெட்மன் கமிஷனராக இருந்த காலத்தில் நடந்தவை. 2012-ல் சங்கத்தை நடத்திய டொனால்ட் ஃபெர் "பேசிக்கொண்டே விளையாடுகிறோம்" என்று சொல்லிப் பார்த்தார். லீக் மறுத்தது. மறுத்ததற்குக் காரணம் உண்டு: 1994 ஆகஸ்டில் பேஸ்பால் வீரர்கள் சீசன் நடுவே வேலைநிறுத்தம் செய்து, அந்த ஆண்டு பேஸ்பாலின் இறுதித் தொடரான உலகத் தொடரே ரத்தானபோது அந்தச் சங்கத்தின் தலைவர் இதே ஃபெர்தான். காரணம் புரிகிறது. ஆனாலும் பூட்டியவர்கள் முதலாளிகள் என்பதை மறைக்கக் கூடாது. "இரண்டு பக்கமும் பேராசை" என்று சமமாகப் பிரித்துப் பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

இழப்பு எவ்வளவு? 1994-95-ல் 468 ஆட்டங்கள். சீசன் 1995 ஜனவரி 20-ல் தொடங்கி, அணிக்கு 48 ஆட்டத்தோடு முடிந்தது. 2004-05-ல் சீசன் முழுவதும் போனது, 1,230 ஆட்டங்கள். 1919-ல் பெருந்தொற்றால் நின்றதற்குப் பிறகு, சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பை யாருக்கும் தரப்படாத ஆண்டு அது. கோப்பையிலேயே அந்த வருடத்துக்கு "சீசன் நடக்கவில்லை" என்று பொறித்து வைத்திருக்கிறார்கள். 2012-13-ல் 510 ஆட்டங்கள், மறுபடி 48 ஆட்ட சீசன், 2013 ஜனவரி 19-ல் தொடக்கம்.

ரசிகன் கோபப்பட வேண்டிய இடம் இந்த எண்ணிக்கை மட்டுமல்ல. எந்த இடைவெளிக்காக இவ்வளவும் போனது என்று பாருங்கள். 2005 பிப்ரவரி 16-ல் சீசனை ரத்து செய்தபோது அணிக்கான சம்பள உச்சவரம்பில் லீக் கடைசியாகச் சொன்னது 42.5 மில்லியன் டாலர், சங்கம் சொன்னது 49 மில்லியன். ஜூலையில் ஒப்பந்தம் கையெழுத்தானபோது உச்சவரம்பு 39 மில்லியன், கூடவே எல்லாச் சம்பளத்திலும் 24 சதவீத வெட்டு. பிப்ரவரியில் வேண்டாம் என்று தள்ளியதைவிடக் குறைவாக வாங்கிக்கொண்டுதான் வீரர்கள் திரும்பினார்கள். சங்கத் தலைவர் பாப் குட்னோ அந்த மாதக் கடைசியில் பதவி விலகினார்.

2012-லும் இதே கதை. வருமானத்தில் வீரர் பங்கு அதுவரை 57 சதவீதம். அக்டோபர் 16-ல் லீக் 50-50 என்று முன்வைத்து 82 ஆட்டமும் நடத்தலாம் என்றது. ஜனவரி 6 விடியற்காலையில் முடிவானதும் 50-50 தான். நடுவில் இழுத்த மூன்று மாதமும் ஏற்கெனவே போட்ட சம்பள ஒப்பந்தங்களை ஈடுகட்டும் தொகை (கடைசியில் 300 மில்லியன்), ஒப்பந்த நீளத்துக்கு வரம்பு (சொந்த வீரருக்கு 8 ஆண்டு, வெளியிலிருந்து வருபவருக்கு 7), ஓய்வூதியம், அடுத்த ஆண்டின் உச்சவரம்பு 60 மில்லியனா 64.3 மில்லியனா என்பது ஆகியவற்றில் போனது. இவை வீரர்களுக்கு முக்கியமானவை, மறுக்கவில்லை. ஆனால் அக்டோபரிலேயே உட்கார்ந்து பேசித் தீர்க்கக்கூடியவை.

---

கணக்குப்பிள்ளை:

காசு பற்றி நான் சொல்கிறேன்.

ஆட்டங்கள் மொத்தமாக ரத்தாகாது, துண்டு துண்டாகத்தான் ரத்தாகும். 2012-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அக்டோபர் 4-ல் முதல் 82 ஆட்டம். அக்டோபர் 19-ல் கூட்டுத்தொகை 135. ஒரு வாரம் கழித்து 326. நவம்பர் 23-ல் 422. டிசம்பர் 10-ல் 526. டிசம்பர் 20-ல் 625. அறிவிப்பு வந்த ஆட்டத்துக்குத்தான் பணம் திரும்பும் என்பதால், மீதி ஆட்டங்களுக்கு நீங்கள் கட்டியது அணியின் கணக்கிலேயே கிடக்கும். நடக்காது என்று ஊருக்கே தெரிந்தாலும் "இன்னும் அதிகாரபூர்வமாக ரத்தாகவில்லை" என்பார்கள். மாதத் தவணையில் கட்டுகிறவருக்கு இதில் பாதிப்பு குறைவு. மொத்தமாகக் கட்டியவர்தான் மாட்டுவார். ஆகவே தவணை வசதி இருந்தால் அதையே எடுங்கள், மொத்தமாகக் கட்டினால் தரும் சிறு தள்ளுபடிக்கு ஆசைப்படாதீர்கள்.

அந்த 625-ஐயும் இறுதி இழப்பான 510-ஐயும் ஒப்பிட்டுப் பாருங்கள், ஒரு சிக்கல் தெரியும். ஜனவரியில் அட்டவணையைப் புதிதாகப் போட்டார்கள். பழைய தேதி எதற்கும் மதிப்பில்லை. வீட்டு ஆட்டம் 41-க்குப் பதில் 24. அதுவும் சொந்தக் கான்ஃபரன்ஸ் (கிழக்கு, மேற்கு என்ற லீக்கின் இரு பிரிவுகளில் தங்கள் பிரிவு) அணிகளோடு மட்டும். கிழக்கில் இருப்பவர் மேற்கு அணி வருகிறதென்று ஒற்றை டிக்கெட் வாங்கியிருந்தால் அந்த ஆட்டமே அந்த ஆண்டு இல்லை. சீசன் டிக்கெட்காரர் பிடித்த ஆட்டங்களைக் கணக்குப் போட்டு எடுத்த சிறு பொதிகளும் கலைந்துபோயின.

கையெழுத்துக்கு முன் விதிமுறைத் தாளில் நான்கு இடத்தைத் தேடுங்கள். ஆட்டம் ரத்தானால் பணமா, அல்லது அடுத்த சீசனுக்கு வரவா (கிரெடிட்)? நீங்கள் கேட்காமலேயே வரவாக மாற்றிவிடும் வாசகம் இருக்கிறதா? பணத்தைத் திரும்ப எடுத்தால் இருக்கை மீதான முன்னுரிமை போகுமா? தானாகப் புதுப்பிக்கும் வாசகம் எந்தத் தேதியில் அமலாகிறது? கடைசியாகச் சொன்னது மிக முக்கியம். புதுப்பிப்புப் பணத்தைப் பொதுவாகக் குளிர்காலக் கடைசியிலேயே கேட்பார்கள், கூட்டு ஒப்பந்தம் முடிவதோ செப்டம்பர் 15. அதாவது கதவடைப்பு வருமா என்று யாருக்கும் தெரிவதற்கு ஆறேழு மாதம் முன்பே உங்கள் பணம் போய்விடும். பதிலை மின்னஞ்சலில் எழுதி வாங்குங்கள், தொலைபேசியில் சொன்னது பின்னால் நிற்காது.

மறுவிற்பனை செய்கிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ரத்தான ஆட்டத்துக்கு மறுவிற்பனைத் தளம் வாங்கியவருக்குப் பணத்தைத் திருப்பும், விற்ற உங்களிடமிருந்து அதை மீட்டுக்கொள்ளும். ஆகவே விற்ற பணத்தை ஆட்டம் நடந்து முடியும்வரை செலவழிக்காதீர்கள். "ரத்து" வேறு, "ஒத்திவைப்பு" வேறு. ஒத்திவைத்தால் டிக்கெட் செல்லும், பணம் வராது. சேவைக் கட்டணம் திரும்புமா என்பதும் தளத்துக்குத் தளம் மாறும். கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் வங்கியிடம் புகார் செய்யும் வழி ஒன்று இருக்கிறது. ஆனால் அதற்குக் காலக்கெடு உண்டு. பல அட்டைகளில் 120 நாள், உங்கள் வங்கியில் கேட்டு உறுதிசெய்யுங்கள்.

டிக்கெட் பணம் எப்படியும் வந்துவிடும். திரும்ப வராமல் போவது விமானத்துக்கும் ஹோட்டலுக்கும் கட்டியதுதான். 2013 புத்தாண்டு அன்று ஆன் ஆர்பரின் மிச்சிகன் அரங்கத்தில் டெட்ராய்ட் ரெட் விங்ஸ், லீஃப்ஸ் மோதும் வின்டர் கிளாசிக் என்ற திறந்தவெளி ஆட்டம் இருந்தது. நவம்பர் 2-ஆம் தேதியே அதை ரத்து செய்துவிட்டார்கள். பல்கலைக்கழகத்தோடு போட்ட வாடகை ஒப்பந்தத்தில் அந்தத் தேதிக்குப் பின் செலவு ஏறும், திறந்தவெளியில் பனித்தளம் போட வாரக்கணக்கில் வேலையும் உண்டு. ஆகவே பெரிய வெளிப்புற ஆட்டமும், நட்சத்திர வீரர்களின் ஆல்-ஸ்டார் ஆட்டமும்தான் முதலில் விழும். சர்ச்சை ஆண்டில் அவற்றுக்குப் பயணம் போடுவதென்றால் கடைசிநாள்வரை ரத்து செய்யக்கூடிய அறையை மட்டும் எடுங்கள். (அந்த ஆட்டம் 2014 ஜனவரி 1-ல் நடந்தது, 1,05,491 பேர் வந்தார்கள்.)

---

மார்க்கம்_நீலவெள்ளை:

மிக்க நன்றி. ரிக்கெற்றை விடுங்கோ, புறக்கணிப்பு? 1,05,491 பேர் என்று பார்த்தவுடனேயே மனசு விழுந்துவிட்டது. அவ்வளவு செய்தும் நாங்கள் திரும்பிப் போய் வரிசையில் நின்றிருக்கிறோம்.

---

மூன்றாம்_பீரியட்:

மனம் விழ வேண்டாம், ஆனால் உண்மையைப் பார்ப்போம். 2005-06-ல் மொத்த வருகை 2 கோடியே 8 லட்சத்தைத் தாண்டியது. அதுவரை லீக் காணாத உயரம். 2003-04-ஐ ஒட்டி 2.1 பில்லியன் டாலராக இருந்த வருமானம் 2011-12-ல் 3.3 பில்லியன். ஒரு சீசன் முழுவதையும் தூக்கிப் போட்ட பிறகு இந்த வளர்ச்சி. 2012-ல் மறுபடி பூட்டத் துணிவு எங்கிருந்து வந்தது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

2012 டிசம்பரில் "ஜஸ்ட் டிராப் இட்" என்று ஓர் இயக்கம் சமூக ஊடகத்தில் பரவியது. டிசம்பர் 21-க்குப் பின் ரத்தாகும் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் பதிலாக ஓர் ஆட்டத்தைப் புறக்கணிப்போம் என்ற உறுதிமொழி. யோசனை நல்ல யோசனை, விலையைக் கணக்கிட்டுச் சொன்னது. எடுபடாததற்கு மூன்று காரணங்களைச் சொல்வேன். உறுதிமொழி எடுத்தவர்களில் யார் சீசன் டிக்கெட் வைத்திருக்கிறார்கள் என்று அணிக்குத் தெரியாது. தெரியாத மிரட்டலுக்கு மதிப்பில்லை. இரண்டாவது, சீசன் 48 ஆட்டமாகச் சுருங்கியதும் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் எடை கூடிவிட்டது. சிகாகோ முதல் 24 ஆட்டத்திலும் குறைந்தது ஒரு புள்ளியாவது எடுத்தது, லீஃப்ஸ் 2004-க்குப் பின் முதல்முறையாக பிளேஆஃப் போனது. அதைப் பார்க்காமல் இருக்கச் சொன்னால் யார் இருப்பார்? மூன்றாவது, டொரான்டோ, மொன்றியல் போன்ற ஊர்களில் நீங்கள் விட்ட இருக்கைக்குப் பின்னால் ஆண்டுக்கணக்கில் காத்திருப்போர் பட்டியல் நிற்கிறது. காலியாகாத இருக்கை யாரையும் உறுத்தாது.

அணிகள் பயந்தது காத்திருப்போர் பட்டியல் இல்லாத ஊர்களில்தான். 2013 ஜனவரியில் சட்டை பாதி விலை, உணவு இலவசம், டிக்கெட் தள்ளுபடி என்று பல அணிகள் இறங்கி வந்தன. ஆகவே ஒரு பாடம்: புதுப்பிப்புத் தேதிக்கு முன்னால், இருக்கை எண்ணோடு, கூட்டாக எழுத்தில் "கையெழுத்தாகும்வரை புதுப்பிக்க மாட்டோம்" என்று கொடுப்பது மட்டும்தான் அணியின் கணக்கில் ஏறும். ஆட்டம் தொடங்கிய பிறகு வீட்டில் உட்கார்ந்திருப்பது ஏறாது. டிக்கெட் பணம் ஏற்கெனவே போயிருக்கும்.

சட்டத்தில் ரசிகர்கள் உண்மையில் ஜெயித்த ஒரு இடம் உண்டு, அதிகம் பேசப்படுவதில்லை. ஸ்டான்லி கோப்பை என்எச்எல்லின் சொத்து அல்ல. 1892-ல் லார்டு ஸ்டான்லி கொடுத்து, அறங்காவலர்கள் பொறுப்பில் இருப்பது. 2004-05-ல் டொரான்டோவில் பொழுதுபோக்காக ஹாக்கி ஆடும் ஒரு குழு ஒன்டாரியோ நீதிமன்றத்துக்குப் போய், லீக் விளையாடாத ஆண்டில் கோப்பையை வேறு அணிக்குக் கொடுக்க அறங்காவலர்களுக்கு உரிமை உண்டு என்று வாதாடியது. 2006-ல் சமரசம் ஆனது: லீக் ஒரு சீசன் முழுவதும் இயங்காவிட்டால் அறங்காவலர்கள் விரும்பினால் வெளியே கொடுக்கலாம். 2012-ல் அது சோதனைக்கு வரவில்லை. ஆனாலும் அந்த வாசகம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. நம் கோபத்தால் லீக்கின் கையிலிருந்து ஒன்றைப் பறிக்க முடிந்த ஒரே தருணம் அது என்பது என் கருத்து.

---

ஓஷவா_ஓரம்:

இடையில் ஒன்று. பூட்டிய காலத்தில் "சரி, மார்லீஸ் ஆட்டத்துக்குப் போகிறேன்" என்று லீஃப்ஸின் துணை அணியைப் பார்க்கக் கிளம்புகிறவர்கள் கவனிக்கவும். மார்லீஸ் ஆடும் இரண்டாம்நிலை லீக்கான ஏஎச்எல்லுக்குத் தனித் தொழிற்சங்க ஒப்பந்தம், என்எச்எல் பூட்டினாலும் அது ஓடும். 2012-ல் ஏஎச்எல் அணியான ஓக்லஹோமா சிட்டி பேரன்ஸில் என்எச்எல் வீரர்களான நியூஜென்ட்-ஹாப்கின்ஸ், எபர்லி, டெய்லர் ஹால் மூவரும் ஆடினார்கள், ஆட்டத்தரம் அருமையாக இருந்தது. ஆனால் மார்லீஸின் உரிமையாளர் எம்எல்எஸ்இ நிறுவனம், லீஃப்ஸின் உரிமையாளரும் அதுதான். எம்எல்எஸ்இயின் 75 சதவீதம் 2025 ஜூலையிலிருந்து தொலைத்தொடர்பு நிறுவனமான ரோஜர்ஸ் கையில், ஸ்போர்ட்ஸ்நெட் விளையாட்டுச் சேனலும் ரோஜர்ஸுடையது. ஆட்டம் பார்க்கவேண்டும் என்பதற்காகப் போனால் தாராளமாகப் போகலாம். முதலாளிக்குக் காசு போகக்கூடாது என்பதற்காகப் போனால் இளையோர் லீக்கான ஓஎச்எல் பக்கம் வாருங்கள், அல்லது பெண்கள் லீக்கான பிடபிள்யூஎச்எல். பிடபிள்யூஎச்எல் வீராங்கனைகளின் கூட்டு ஒப்பந்தம் 2031 வரை இருக்கிறது, ஆகவே 2030-ல் என்எச்எல்லில் என்ன நடந்தாலும் அங்கே பனி உருகாது.

டிசம்பர் 26 முதல் ஜனவரி 5-ஐ ஒட்டி உலக ஜூனியர் போட்டி இருக்கும். கதவடைப்பு ஆண்டுகளில் அதன் தரம் ஏறும். 2005-ல் அதற்கு முந்தைய சீசனையே பாஸ்டனில் ஆடி முடித்திருந்த பாட்ரிஸ் பெர்ஜரோன், இன்னும் என்எச்எல்லுக்கு வராத இளம் நட்சத்திரம் கிராஸ்பியோடு ஒரே வரிசையில் ஆடினார். கனடா தங்கம். சுவிட்சர்லாந்தின் டாவோஸில் அதே வாரம் ஸ்பெங்லர் கோப்பைப் போட்டியும் உண்டு. என்எச்எல் நட்சத்திரங்கள் ஜோ தார்ன்டன், ரிக் நாஷ் இருவரும் 2004-லும் 2012-லும் டாவோஸ் அணிக்குத்தான் போனார்கள்.

அரங்கத்தில் மணிக்கூலிக்கு பியர் ஊற்றுகிறவர்கள், இருக்கை காட்டுகிறவர்கள், வெளியே சிறு உணவகம் நடத்துகிறவர்கள் இவர்களுக்குத்தான் ஈடு கிடையாது. வீரனுக்கு ஐரோப்பா இருக்கிறது, முதலாளிக்கு வேறு தொழில் இருக்கிறது. ரசிகர் குழு எதற்காவது நிதி திரட்டுவதென்றால் முதலில் இவர்களை நினைக்க வேண்டும்.

---

புளூலைன்:

மூன்றாம்_பீரியட் சொன்னதில் ஒரு திருத்தம். 2005-06 வருகைக்கு ரசிகரின் மறதி மட்டும் காரணமில்லை. விளையாட்டே மாறியது: இரண்டு கோடுகளைத் தாண்டி நீளமாகப் பாஸ் கொடுக்க இருந்த தடை போனது, சமனான ஆட்டத்தை முடிக்க ஷூட்அவுட் வந்தது, பிடித்து இழுப்பதற்குத் தண்டனை கடுமையானது. புதிய வீரர்களைத் தேர்வு செய்ய முப்பது அணிக்கும் வாய்ப்பளித்த குலுக்கலில் பிட்ஸ்பர்க்குக்கு கிராஸ்பி கிடைத்தார். ஆட்டம் நன்றாக இருந்ததால் மக்கள் வந்தார்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் 2012-க்குப் பிறகு அப்படி எந்த மாற்றமும் இல்லை, அப்போதும் வந்தார்கள். அது எனக்கும் கசப்புத்தான்.

இனி எப்போது பயப்படுவது? 2025 ஜூலையில் இரு தரப்பும் புதிய ஒப்பந்தத்தை உறுதிசெய்துவிட்டன. அது 2026 செப்டம்பர் 16 முதல் 2030 செப்டம்பர் 15 வரை. பழையது முடிய ஓராண்டுக்கு மேல் இருக்கும்போதே முடித்துவிட்டார்கள். சங்கத்தில் இப்போது மார்ட்டி வால்ஷ், அமெரிக்காவின் முன்னாள் தொழிலாளர் அமைச்சர். 2026-27 முதல் சீசன் 84 ஆட்டம், வீட்டு ஆட்டம் 42. முன்சீசன் ஆட்டம் அதிகபட்சம் நான்கு. சீசன் டிக்கெட்டில் முன்சீசனை முழுவிலைக்குத் திணிக்கிறார்கள் என்ற பழைய எரிச்சல் இதனால் கொஞ்சம் குறையும். உச்சவரம்பு 2025-26-ல் 95.5 மில்லியன், அடுத்து 104, அதற்கடுத்து 113.5 என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். பணம் பெருகுகிற காலத்தில் பூட்டமாட்டார்கள். ஆகவே அடுத்த சில சீசனுக்கு உங்கள் மூத்தவர் தயங்கத் தேவையில்லை.

2028-29-லிருந்து கவனிக்க வேண்டியது வீரர் ஒப்பந்தங்களின் வடிவம். கையெழுத்து ஊக்கத்தொகை ஜூலை 1-ல் வரும், கதவடைப்பிலும் கொடுத்தாக வேண்டும். மாதச் சம்பளம் நின்றுபோகும். 2018-19-ல் டவாரஸும் மாத்யூஸும் லீஃப்ஸோடு போட்ட ஒப்பந்தங்களில் பெரும்பகுதி ஊக்கத்தொகைதான். அப்போது லீக்-சங்கக் கூட்டு ஒப்பந்தத்தை முன்கூட்டியே முறிக்கும் வாய்ப்பு 2019 செப்டம்பரில் இரு தரப்புக்கும் இருந்தது, இருவரும் பயன்படுத்தவில்லை. புதிய கூட்டு ஒப்பந்தத்தில் இந்த ஊக்கத்தொகைக்கு வரம்பு வைத்திருக்கிறார்கள். அந்த வரம்பைத் தொடும் அளவுக்கு 2030, 2031 ஜூலைத் தவணைகள் பெரிதாகத் தெரிந்தால், ஏஜென்டுகள் மோசமானதை எதிர்பார்க்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். செய்தியாளர் கூட்டத்தில் சொல்வதைவிட இது நம்பத்தக்கது.

---

கணக்குப்பிள்ளை:

நாலு பேர் பங்கு என்றீர்களே, அதற்கு ஒரு குறிப்பு. அணியின் கணக்கு ஒருவர் பெயரில்தான் இருக்கும், ரத்தான பணமும் அவர் அட்டைக்கே போகும். தொடக்கத்திலேயே ஒரு பக்கத்தில் எழுதி நால்வரும் கையெழுத்திடுங்கள்: பணம் வந்த 7 நாளுக்குள் பிரிக்க வேண்டும், வரவாக விடுவதென்றால் நால்வரும் சம்மதிக்க வேண்டும், விலகுகிறவர் பங்கை முதலில் மற்ற மூவருக்குத் தர வேண்டும். 42 ஆட்டத்தை நாலாகப் பிரித்தால் ஆளுக்குப் பத்து, மீதி இரண்டு. அட்டவணை பாதியில் மாறினால் பழைய பிரிவினை செல்லாது, மிஞ்சிய ஆட்டங்களைப் புதிதாகக் குலுக்க வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். சீசன் சுருங்கினால் அக்டோபர் ஆட்டங்களை எடுத்தவருக்கு ஒன்றும் மிஞ்சாது, மார்ச் ஆட்டங்களை எடுத்தவருக்கு எல்லாம் கிடைக்கும். நண்பர்களுக்குள் சண்டை வருவது அந்த இடத்தில்தான்.